கொட்டை முற்றும் காலம்

தம்பி, கூடப் படித்தவர்கள் எல்லாம் முந்திப் போய்விட்டார்கள், நீ மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறாய் என்று உன்னிடம் எவன் சொன்னான்? அவனைப் பீச் தோட்டத்துக்குக் கூட்டிப் போ.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் பீச் காய் விறுவிறுவென்று பருக்கும். சில வாரங்களில் அந்த வேகம் அடங்கிவிடும். நேற்றும் அதே அளவு, இன்றும் அதே அளவு. சோம்பிக் கிடக்கிறது என்று நினைத்தாயா? உள்ளே நடப்பதைப் பார்! மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின், கொட்டைச் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுக்கள் கொட்டைத் திசுவில் மும்முரமாகிவிடுவதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். நேற்றுக் கத்தி இறங்கிய இடம் இன்று கல். அதற்குள் அடுத்த தலைமுறையின் கரு வளர்கிறது. அது முடிந்த பிறகுதான் கடைசிப் பருமனும் நிறமும் மணமும் சாறும்.

முந்திப் பழுக்கும் ரகத்துக்கும் பிந்திப் பழுக்கும் ரகத்துக்கும் பெரிய வேறுபாடே இந்த நடுப்பருவத்தின் நீளம்தான். முந்தியது சந்தைக்கு முதலில் போகும், மறுக்கவில்லை. ஆனால் மிக முந்திய ரகத்தின் கொட்டையை உடைத்துப் பார். கரு அரைகுறை. மண்ணில் போட்டால் முளைக்காது. அடுத்தவன் வேகத்தைப் பார்த்துப் பதறுகிறவனே, உனக்கு இதுவா வேண்டும்?

பிறவியிலேயே குறை என்று மட்டும் சொல்லாதே! 2013-இல் பீச்சின் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள்: எட்டு ஜோடிக் குரோமோசோம்கள், 27,000-க்கு மேற்பட்ட மரபணுக்கள். அவற்றில் ஒன்று செயலிழந்ததால் தோலின் ரோமம் போனது. அந்த வழுவழுப் பழத்தைத்தான் நெக்டரின் என்று பெயர் வைத்து உலகம் விலை கொடுத்து வாங்குகிறது.

அந்த அரைகுறைக் கருவையும் யாரும் தூக்கி எறியவில்லை. கொட்டையை உடைத்து, கருவைச் சேதமில்லாமல் எடுத்து, கிருமி நீக்கிய குழாயில், சர்க்கரையும் தாது உப்பும் கலந்த ஊட்டத்தில் வைக்கிறார்கள். வாரக்கணக்கில் குளிர், பிறகு வெளிச்சம். முளைக்கிறது! முந்திப் பழுக்கும் புது ரகங்கள் பல இப்படிப் பிழைத்த கருக்களிலிருந்து வந்தவைதாம். முளைக்காது என்று முடிவு கட்டப்பட்டது தோட்டத்தில் காய்க்கிறது. உனக்கு முடிவு கட்ட இவர்கள் யார்? பாதியில் மூடிய பாடத்தை இன்றிரவே திற. தேதி முடியுமுன் அந்தத் தேர்வு விண்ணப்பத்தை அனுப்பு.