நிரப்பிய இடம்

விசா முடிவு வந்த அன்று சாயங்காலம் நாங்கள் நால்வரும் அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். மூன்று பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. நான்காவதில் ஒரு தாள் மட்டும் செருகியிருந்தது. விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்கிற பொருளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். அவன் இரண்டு முறை படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ரிட்டர்ன் வரமாட்டேனாம்ணா. எங்க போகப்போறேன், சனிக்கிழமை திருமுல்லைவாயல்ல கல்யாணம் இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தோம். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

நாங்கள் மூவரும் தொழிற்பேட்டையில் ஒரே ஐ.டி. கம்பெனி. நான் பேஸ் கிட்டார், ஒருவன் கீபோர்டு, இன்னொருவன் டிரம்ஸ். எங்களுக்கு இசை ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். அவனுக்கு அது பிழைப்பு. பட்டாபிராமில் அவன் அப்பா பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்தவர். இவன் சின்ன வயதில் அதே செட்டில் சேர்ந்து சாக்ஸபோனுக்கு வந்தவன். ஆவடியில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாணத்தில்தான் அவனை முதலில் பார்த்தேன். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை. இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில், மாப்பிள்ளை கார் திரும்புவதற்காக ஊர்வலம் நின்ற இடைவெளியில், 'டேக் ஃபைவ்' மெட்டை எடுத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே கத்துக்கிட்ட என்று கேட்டேன். "போன்லதான்ணா. அஞ்சு தட்டுதானே, நம்ம கண்ட நடை."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், என் வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் ஞாயிறு தோறும் சேர்ந்து வாசித்தோம். எங்களுடைய ஒரு எட்டு நிமிட உருப்படியைப் பதிவுசெய்து ஐரோப்பாவில் நடக்கும் ஒரு ஜாஸ் மாநாட்டுக்கு அனுப்பினோம். காலையில் கட்டுரை வாசிப்பு, மதியம் பயிலரங்கு, ராத்திரி கச்சேரி என்று மூன்று நாள் நடப்பது. அழைப்பு வந்தது. அந்த உருப்படியின் நடுவில் மற்றவர்கள் அடங்கிவிட, சாக்ஸபோன் மட்டும் பதினாறு பார் தனியாகப் போகும். பார் என்பதை நம்ம ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் பதினாறு பாருக்காகத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்களிடம் ஆறு மாத சம்பள ஸ்லிப் இருந்தது, ஃபார்ம் 16 இருந்தது, கம்பெனி லெட்டர்ஹெட்டில் லீவு கடிதம் இருந்தது. அவனுக்குக் கூலி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மண்டப வாசலில், ரொக்கமாகக் கிடைக்கிறது. அது பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஏறுவதில்லை. எங்கள் நால்வரில் நல்ல கலைஞன் அவன்தான். ஆனால் விசா கவுன்டரில் யாரும் வாசித்துக் காட்டச் சொல்வதில்லை.

"நீங்க போய்ட்டு வாங்கணா" என்றான். போனோம்.

*

1958 பிப்ரவரியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஈஸ்ட் கரோலினா கல்லூரியில் டேவ் புரூபெக் குவார்டெட் வாசிக்க வந்திருந்தது. பியானோ புரூபெக், சாக்ஸபோன் பால் டெஸ்மண்ட், டிரம்ஸ் ஜோ மோரெல்லோ. பேஸ் வாசித்த யூஜீன் ரைட் அப்போதுதான் குழுவில் சேர்ந்திருந்தார். மற்ற மூவரும் வெள்ளையர்கள், ரைட் கறுப்பர். அவர் மேடை ஏறக் கூடாது என்றது கல்லூரி. அவர் இல்லாமல் வாசிக்க முடியாது என்றார் புரூபெக். மாணவர்கள் காத்திருந்தார்கள், நேரம் ஓடியது. கடைசியில் ரைட் பின்னால் தள்ளி நிற்கட்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கச்சேரி நடுவில் புரூபெக், உங்கள் மைக் வேலை செய்யவில்லை, முன்னால் வந்து என் மைக்கில் வாசியுங்கள் என்று ரைட்டைக் கூப்பிட்டார். அவர் முன்னால் வந்து நின்று தனி வாசித்தார்.

அடுத்த சில வாரங்களில் இதே நால்வரை அமெரிக்க அரசு தன் நாட்டின் சுதந்திரத்துக்கு விளம்பரமாக உலகம் சுற்ற அனுப்பியது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, ஈராக் என்று நீண்ட பயணம். மெட்ராஸுக்கும் வந்தார்கள். சொந்த நாட்டில் பின்னால் நிற்கச் சொல்லப்பட்ட ஒருவர் இங்கே வந்து அந்த நாட்டின் சமத்துவத்துக்குச் சாட்சியாக நிற்க வேண்டியிருந்தது. 1959-ல் வந்த 'டைம் அவுட்' ஆல்பத்தில், அதாவது நாம் கேட்கிற 'டேக் ஃபைவி'ல், அடியில் ஓடுகிற பேஸ் அவருடையதுதான்.

1960-ல் தெற்கு மாநிலக் கல்லூரிகளில் ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருந்தது. பல கல்லூரிகள் ஒரு நிபந்தனை வைத்தன. நான் மறுபடி மறுபடி திரும்பிப் போவது அந்த நிபந்தனையின் வடிவத்துக்குத்தான். "வராதீர்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. "ஒரு வெள்ளைக்கார பேஸ் வாத்தியக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். குவார்டெட் வேண்டும், இசை வேண்டும், பேஸும் வேண்டும். அந்த ஆள் மட்டும் வேண்டாம். புரூபெக் அந்தக் கச்சேரிகளையெல்லாம் விட்டுக்கொடுத்தார். பெரிய பணம் போயிற்று.

இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். ஜாஸ் கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் கதைதான். தெரிந்திருந்தும் என்னோடு பொருத்திப் பார்த்தது ஊர் திரும்பிய பிறகு.

*

அங்கே நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மேடை ஏறுவதற்கு முந்தின ராத்திரி ஹோட்டல் அறையில் பேச்சு வந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவன், "அவன் ரெக்கார்டிங் போன்ல இருக்கு, அந்த இடத்துல அதைப் போடலாம்" என்றான். கீபோர்டுக்காரன், "இல்லன்னா சும்மா விட்டுடலாம், எதுக்குன்னு சொல்லிட்டு" என்றான். வேண்டாம் என்று சொன்னது நான். அனுதாபம் தேடுகிற மாதிரி இருக்கும், இசையை இசையாகக் கேட்கட்டும் என்றேன். கீபோர்டில் சாக்ஸபோன் டோன் ஒன்று இருந்தது. அதில் அவனுடைய பதினாறு பாரை, சுரம் சுரமாகக் காது வழியே எழுதி, பழகி, மறுநாள் வாசித்தோம்.

கைதட்டல் நன்றாகவே இருந்தது. மூன்று பேர் இவ்வளவு கச்சிதமாக வாசிக்கிறீர்களே என்று ஒரு பெரியவர் கைகுலுக்கினார். மறுநாள் காலை, ஜாஸ் என்பது ஜனநாயகத்தின் இசை, ஒவ்வொருவர் குரலுக்கும் அதில் இடம் உண்டு என்று ஒரு உரை நடந்தது. முன் வரிசையில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தேன்.

போனது தப்பா என்ற கேள்வியில்தான் முதலில் மாட்டிக்கொண்டேன். புரூபெக்கோடு ஒப்பிடுவதே அபத்தம் என்றும் தோன்றியது. அவர் புகழ்பெற்றவர், அவர் மறுத்தால் அது செய்தி. நாங்கள் போகாமல் இருந்திருந்தால் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி அழிந்திருக்கும், அவ்வளவுதான். அங்கே இருந்தது நிறவெறி, இங்கே இருந்தது ஒரு விதி. விசா அதிகாரிக்கு அவன் மேல் என்ன விரோதம்?

விரோதம் இல்லைதான். ஆனால் ரொக்கக் கூலி வாங்குகிறவன் திரும்பி வரமாட்டான் என்று எடுத்துக்கொள்கிற விதி, யாரையும் வெறுக்காமலேயே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட்களைத்தான் நிறுத்தும். கோபப்பட எதிரில் ஒரு முகம்கூடக் கிடைக்காது.

அவனே போகச் சொன்னானே என்பது அடுத்த சமாதானம். இதில் ரொம்ப நாள் தங்கியிருந்தேன். பிறகு யோசித்தேன்: அந்த டீக்கடையில் அவனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? "போகாதீங்க" என்றால் மூன்று பேர் கனவைக் கெடுத்தவன் ஆவான். மறுக்கிற வசதி இல்லாதவன் கொடுக்கும் சம்மதம் சம்மதம்தானா? நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அவன் எங்களை மன்னித்துவிட்டான். அந்த மன்னிப்பை ஃபார்ம் 16 மாதிரி பத்திரமாக எடுத்துக்கொண்டு நாங்கள் விமானம் ஏறினோம்.

ஆனாலும், போனது பெரிய தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. உறுத்துவது வேறு இடம்.

*

1958-ல் மெட்ராஸ் வந்தபோது ஜோ மோரெல்லோவும் மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். அமெரிக்க டிரம்மருக்கு எதிரே உட்கார்ந்த அந்த மேதைக்கும் மேடையில் இடம் சுலபமாகக் கிடைத்ததில்லை. அவர் இடது கைக்காரர். நம் கச்சேரி மேடையில் பாடகருக்கு எந்தப் பக்கம் வயலின், எந்தப் பக்கம் மிருதங்கம் என்பது வழக்கத்தால் உறைந்த விஷயம். இடது கைக்காரர் வாசித்தால் மிருதங்கம் பக்கம் மாற வேண்டும், அதற்காக வயலினும் மாற வேண்டும். வயலின் வித்வான்கள் இதை விரும்பவில்லை. இடது கை என்ற ஒன்றுக்காக அவருக்குக் கச்சேரிகள் தட்டிப்போயின. அவருக்காக நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தன் மேடையில் உட்காரும் முறையை மாற்றி அவரைத் தொடர்ந்து வாசிக்க வைத்தார்.

இது நடக்காத கதைகளும் உண்டு. விக்கு விநாயக்ராமின் சீடரான கடம் கலைஞர் சுகன்யா ராம்கோபால், ஒரு பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மாட்டோம் என்று சில மிருதங்க வித்வான்கள் மறுத்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் பெண்களை மட்டும் கொண்ட ஒரு தாளவாத்தியக் குழுவையே ஏற்படுத்தினார். அப்படி ஒருவர் விலக்கப்படுகிற மேடையில் கச்சேரி நிற்பதில்லை. வேறு ஒருவர் வந்து உட்காருவார். சபாவில் இருப்பவருக்கு எதுவும் குறைந்த மாதிரித் தெரியாது. தெரியாமல் போவதில்தான் அநியாயம் முழுமை அடைகிறது.

புரூபெக் இடத்தைக் காலியாக விட்டார். செம்பை இடத்தை மாற்றிப் போட்டார். இரண்டு வழியிலும் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும். கல்லூரி அரங்கம் இருட்டாகக் கிடக்கும், இல்லையென்றால் வயலின் புதுப் பக்கத்தில் இருக்கும். ஏன் என்று ஒருவராவது கேட்பார். நாங்கள் மூன்றாவது வழியைப் பிடித்தோம். யாருக்கும் உறுத்தாமல் பார்த்துக்கொண்டோம். தெற்குக் கல்லூரிகள் புரூபெக்கிடம் கேட்டது எதுவோ, அதை யாரும் கேட்காமலேயே நாங்கள் செய்து கொடுத்தோம்.

நான் ஆபீஸில் செய்கிற வேலையே இதுதான். ஒரு சர்வர் செத்தால் அடுத்த நொடி இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபெயில்ஓவர் என்போம். பயனருக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் தோல்வி. பத்து வருஷமாக இதைச் செய்து பழகிய கை. ஹோட்டல் அறையில் நான் எடுத்த முடிவு கலை ரசனையிலிருந்து வந்ததாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது தொழில் பழக்கம். சர்வருக்கு எது தர்மமோ அது மனுஷனுக்கு அதர்மமாகிற இடம் ஒன்று இருக்கிறது. சர்வர் காணாமல் போனதை மறைப்பது சேவை. ஒரு ஆள் தடுக்கப்பட்டதை மறைப்பது, தடுத்தவருக்குச் செய்கிற சேவை.

ஒன்றும் செய்ய முடியாத நிலையிலும் மிச்சமிருக்கும் குறைந்தபட்சக் கடமை இது என்று இப்போது நினைக்கிறேன்: இல்லாதவனின் இல்லாமை கேட்க வேண்டும். அநீதியைச் சரிசெய்யும் சக்தி நமக்கு இல்லாமல் போகலாம். அதன் ஓட்டையை அடைக்காமல் இருக்கும் சக்தி எல்லோருக்கும் உண்டு.

*

திரும்பி வந்த வாரம் அவனை ஆவடி ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். வாங்கி வந்த ரீட் டப்பாவைக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். ஊர் எப்படி, குளிரா, சாப்பாடு என்ன என்றெல்லாம் கேட்டவன், போகும்போது, "அந்த இடத்துல என்னணா பண்ணீங்க?" என்றான்.

"கீபோர்டுல வாசிச்சோம்."

"நல்லா வந்துச்சா?"

"ம்."

தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஞாயிறு தோறும் வருகிறான். எங்களுக்குள் எதுவும் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

போன மாதம் நகரத்தில் ஒரு சின்ன அரங்கில் எங்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் காலையில் கொரட்டூரில் ஒரு சாவு. அவன் செட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஊர்வலம் சாயங்காலம்தான் கிளம்பும், அவனால் வர முடியவில்லை. மூவரும் அதே உருப்படியை எடுத்தோம். அவன் இடம் வந்தபோது நானும் டிரம்ஸும் மெதுவாகக் காலத்தை மட்டும் பிடித்தோம், கீபோர்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பதினாறு பார். எங்களுக்கே நீளமாக இருந்தது. யாரோ இருமினார்கள். யாரோ வாசிக்க மறந்துவிட்டார் என்று நினைத்து முன் வரிசையில் ஒரு பெண் எங்களைக் கவலையோடு பார்த்தார். முடிந்ததும் அவரே வந்து கேட்டார், அங்கே என்ன ஆச்சு? சொன்னேன். விசாவிலிருந்து கொரட்டூர் வரைக்கும் சொன்னேன்.

ராத்திரி அவனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். பின்னால் இன்னும் தாரை தப்பட்டை கேட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பதினாறுமா விட்டீங்க?" என்றான். "எட்டு போதும்ணா. சனங்களுக்குப் போரடிக்கும்."