விளக்கொளியில் உண்ணலாமா?

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரிலுள்ள சராஃபா கடைத்தெரு, பகலில் பொன்னும் வெள்ளியும் விற்குமிடம். இரவில் நகைக்கடைகள் அடைத்தபின், அவற்றின் வாயில்களிலேயே உணவுக் கடைகள் எழுகின்றன. துருவிய மக்காச்சோளத்தைப் பாலிலிட்டுச் சமைக்கும் ‘பூட்டே கா கீஸ்’, ஜிலேபி முதலியவற்றை நள்ளிரவு கடந்தும் மக்கள் உண்டு மகிழ்கின்றனர். சர் சேட் ஹுகும்சந்த் எழுப்பிய கண்ணாடி ஜினாலயமும் அருகிலேயே உள்ளது.

இத்தகைய இரவுக் கடைகளுக்கு நண்பருடன் செல்லும் நம் பிள்ளைகள், வெங்காயமும் பூண்டும் நீக்கிய பண்டத்தையே கேட்டு வாங்குகின்றனர். மகிழ்ச்சியே. ஆயின் இரவுண்ணாமையை நினைவூட்டினால், "சிற்றுயிர்கள் கண்ணுக்குப் புலப்படாத காலத்து விதியன்றோ அது? இன்று மின்விளக்கு உள்ளதே!" என்கின்றனர். வினா நேர்மையானது, விடையும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

மின்விளக்கு நமக்குப் பூச்சிகளைக் காட்டுகிறது. அப்பூச்சிகளை அடுப்பின் அருகே அழைத்தும் வருகிறது. மழைக்காலத்தில் ஈசல்கள் ஒளியை நாடி வந்து எண்ணெயில் வீழ்ந்து மடிவதை நாம் அறிவோம். ஒளி பெருகுவதால் கொலை குறைந்துவிடுவதில்லை.

மேலும், நோன்பென்பது ஆசைக்கு இடும் எல்லை. எதனை உண்பது என்பதற்கு மட்டும் எல்லை வகுத்து, எப்பொழுது உண்பது என்பதை நாவின் விருப்பிற்கு விட்டுவிட்டால், அந்நோன்பு பாதியே ஆகும்.

பிள்ளைகள் நண்பருடன் செல்வதைத் தடுக்க வேண்டா. பொழுது சாயுமுன் இல்லத்தில் உண்டுவிட்டுச் செல்லட்டும். நட்பிற்கும் குறைவில்லை, நோன்பிற்கும் குறைவில்லை. அதற்கேற்ப மாலையிலேயே உணவு சமைத்து வைப்பது பெரியோராகிய நம் கடமையன்றோ?