'ம்' கொட்ட ஓர் ஆள்

கதை கேட்டால் மனசு ஆறும் என்கிறார்கள். ஆறுவது கதையாலா, குரலாலா?

சேலம், நாமக்கல் பக்கத்தவர்களுக்கு அண்ணன்மார் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் சாகப்போவது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்து அழுவார்கள். படுகளத்தில் விழுந்து கிடப்பவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்பிய பிறகுதான் சனங்களுக்கு மூச்சு வரும். 1965-ல் காங்கேயம் பக்கம் மானிடவியலாளர் பிரெண்டா பெக் இதை ஒலிநாடாவில் பதிந்தார். 38 மணி நேரம்! இன்றைய ஒலிப்புத்தகங்களுக்கெல்லாம் அது தாத்தா.

இப்போது செல்போனிலேயே கதை கிடைக்கிறது. நாமக்கல்லில் கிளம்பி, எங்கோ வடக்கே வண்டியை ஓரங்கட்டிப் படுக்கிற லாரி டிரைவருக்குக் காதோரம் ஒரு தமிழ்க்குரல் என்றால் சும்மாவா?

ஆனால் பாட்டியிடம் கதை கேட்டபோது நாம் 'ம்' கொட்டினோம். கொட்டாவிட்டால், 'தூங்கிட்டியா?' என்று கதை நின்றுவிடும். உடுக்கைப் பாட்டிலும் கூடப் பாடுகிறவர் 'ஆமா' போடவேண்டும். போனுக்கு நம் 'ம்' தேவையில்லை. நாம் அழுதாலும் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும். சில ராத்திரிகளில் அதுவே நிம்மதி. நாம் அழுவதை யாரும் பார்க்கவில்லை, பாருங்கள்!

கண் மங்கிய அம்மாவின் கையில் கதை போட்ட போனைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். தப்பே இல்லை, பெரிய துணைதான். ஆனால் பகலெல்லாம் கேட்ட கதையை அவர் யாரிடம் சொல்வார்? சாயங்காலம் வந்ததும், 'கதை எதுவரைக்கும் வந்துச்சும்மா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லச் சொல்ல 'ம்' கொட்டுங்கள். நடுவில் கதை மாறிப்போனால் திருத்தாதீர்கள்.