கேளாமல் வந்தது

வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கிறோம். சாமான்களை இறக்கிவிட்டுப் பார்த்தால் கூடத்தில் ஒரு பழைய பீரோ நிற்கிறது. நாம் கேட்டதில்லை, வீட்டுக்காரர் சொன்னதுமில்லை. அதைத் தூக்கி வெளியே வைக்க நமக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு சர்வர் விஷயத்தில் எழுந்தது. (ஓட்டலில் காப்பி கொண்டுவந்து வைக்கிறாரே, அவர் அல்ல.) எங்கேயோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தனிக் கம்ப்யூட்டரைப் போல நடக்கும்படி செய்து, மாத வாடகைக்கு விடுகிறார்கள். என் பழைய கதைகளை வலைத்தளத்தில் போடுவதற்காக, விண்டோஸ் உள்ள கூறு ஒன்றை எடுத்தேன். உள்ளே ஒரு ‘கண்ட்ரோல் பேனல்’ எனக்கு முன்பே குடியேறியிருந்தது. தளம் திறக்கலாம், அஞ்சல் பெட்டி கொடுக்கலாம். பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் தளம் நடத்த விண்டோஸிலேயே ஐ.ஐ.எஸ். இருக்கிறதே! இருந்த 2 ஜிபி நினைவகத்தில் இந்த விருந்தாளி சாப்பிட்டது போகத்தான் எனக்கு.

கேளாமல் வந்தவனைக் கேளாமலே அனுப்பலாம் என்பது என் கட்சி. இதில் கோபப்பட எனக்கு நியாயமும் இருந்தது. விண்டோஸோடு இண்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பிணைத்துக் கொடுத்ததற்காக 1998-ல் அமெரிக்க அரசாங்கமே மைக்ரோஸாப்ட் மீது வழக்குப் போட்டது. 2015-ல் வெளிப்பட்ட சூப்பர்பிஷ் விவகாரம் இன்னும் மோசம். லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் விளம்பரம் செருகுவதற்கென்று முன்கூட்டியே வைத்த மென்பொருள் அது. அதை நீக்கினாலும், அது நிறுவிய சான்றிதழ் உள்ளேயே தங்கிவிட்டது. அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவியோ எல்லா மெஷின்களிலும் ஒன்றே. கைப்பற்றியவன் பாங்கியின் தளம் போலவே வேஷம் போடலாம். ஆளைத் துரத்தினாலும் அவன் செய்துகொண்ட கள்ளச் சாவி ஊரில் உலவுகிறது என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

விஷயம் தெரிந்த என் அண்ணன் மகன் எச்சரித்தான்.

“சித்தப்பா, அது தனியா நிக்கிற சாமான் இல்லே. தனக்குன்னு சர்வீஸ், யூஸர் கணக்கு, ஃபயர்வால் விதி எல்லாம் போட்டு வச்சிருக்கும். சுத்தமா வேணும்னா விண்டோஸையே புதுசா போட்டுடுங்க. எதுக்கும் முதல்லே ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.”

எடுக்கவில்லை. அன்றிரவே நீக்கினேன். அரைமணி நேரம் ஆயிற்று. மெஷினை மறுபடி தொடங்கியபோது, போகிக்கு வீட்டை ஒழித்துப் போட்ட மறுநாள் போல எங்கும் விசாலமாக இருந்தது. திருப்தியாகத் தூங்கினேன்.

காலையில் வாத்தியார் நண்பர் டெலிபோன் செய்தார். “என் அஞ்சல் பெட்டி திறக்க மாட்டேன் என்கிறதே, ஸார்?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று மாதங்களுக்கு முன் அவருக்கு ஒரு பெட்டி திறந்து கொடுத்தவன் நானே. அதே பேனலில், இரண்டு பொத்தான்களை அழுத்தி. கனடாவில் இருக்கும் மகள் அதற்குத்தான் எழுதிவந்தாள். பேத்தி தமிழ் எழுதப் பழகிய முதல் வரிகளும் அதில்தான் வந்தன. அவர் அங்கேயே படித்து அங்கேயே வைத்திருந்தார். பேனல் போகும்போது தன் அஞ்சல் ஏற்பாட்டையும் பெட்டிகளையும் கூடவே கொண்டுபோய்விட்டது. காப்புப் பிரதி வைக்கும் வசதிக்கு நான் பணம் கட்டவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “போனால் போகட்டும், ஸார். உங்கள் இடம். வேண்டாததை எடுத்தீர்கள்” என்றார்.

கோபித்திருந்தால் தேவலை. வாடகை என்னுடையது, தீர்மானமும் என்னுடையது. சட்டம் என் பக்கம்தான். ஆனால், என்னைக் கேட்காமல் வைத்தார்கள் என்று குதித்த நான், அவரைக் கேட்காமல் எடுத்தேனே! ‘வேண்டாதது’ என்று சொன்னபோது, யாருக்கு என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. மூன்று மாதம் அதன் ஊழியத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அதை அழையா விருந்தாளி என்று சொல்லலாமா என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம்தான்.

மகள் அனுப்பியவற்றின் நகல் அவளிடம் இருக்கக்கூடும். கேட்டு வாங்கலாமே என்றேன். “தொலைந்துபோயிற்று என்று அவளிடம் சொல்ல வேண்டுமே” என்று தயங்கினார். நானே எழுதுகிறேன் என்று விலாசம் வாங்கிக்கொண்டேன். இரண்டு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டாயிற்று.