குலுக்கலும் கூலியும்

ஆசிய நாடுகளின் சாம்பியன் குழுக்களுக்கான முதல் காற்பந்துப் போட்டி 1967இல் நடந்தது. அதை நடத்திய ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்துக்கு அப்போது தலைவர், மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். தோற்ற குழு அத்துடன் வெளியேற வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி பாங்காக்கில் இறுதி ஆட்டம். மலேசியாவின் சிலாங்கூரும் இஸ்ரேலின் ஹாப்போயல் டெல் அவிவும் மோதின. 2-1 என்ற கணக்கில் ஹாப்போயல் வென்று, ஆசியாவின் முதல் சாம்பியன் ஆனது.

இரண்டு குழுக்களும் அந்தத் திடலுக்கு வந்த வழி ஒன்றல்ல. சிலாங்கூர் முந்தைய சுற்றுகளில் ஆடி, வென்று, களைத்து வந்தது. ஹாப்போயல் அச்சுற்றுகளை ஆடாமலே கடந்து வந்தது. காற்பந்துக்காரர்கள் இதை ‘பை’ என்பார்கள். குலுக்கலில், எதிரில் ஆள் இல்லாத இடத்தில் பெயர் விழுந்தால், ஆடாமலே அடுத்த சுற்று. விதிப்படி இதில் தவறே இல்லை. ஆனாலும் தோற்ற பக்கத்து ரசிகரின் நெஞ்சில் ஒரு கேள்வி முள்ளாய்த் தைக்கிறது: உழைக்காமல் வந்த வாய்ப்பு ஒருவருக்கு உரியதாகுமா? இது காற்பந்துக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. ஊழ் என்றும் வினை என்றும் தமிழ்ச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்விதான் இது.

குலுக்கலைத் தமிழர்கள் இரண்டு விதமாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். முதலாவது தமிழ்நாட்டு உத்திரமேரூரில் கல்லில் வெட்டிய முறை. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இடுவார்கள். எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். மடக்கிய விரலுக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை அது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் அந்த விரல்களைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார். அங்கே குலுக்கல் நியாயமானது, ஏனென்றால் அதில் யாருடைய விருப்பமும் கலக்கவில்லை.

இரண்டாவது முறையை மலேசியாவில் ஜொகூரின் சிகாமாட் மாவட்டத்து லாபிஸ் போன்ற ஊர்களின் தோட்டத்துத் தமிழர்களும் அறிவார்கள். அதுதான், ஒரு காரியத்துக்கு அம்மன் சம்மதம் உண்டா என்று பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியே பொட்டலமாக மடித்து அம்மன் சந்நிதியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். இங்கும் குழந்தைதான் எடுக்கிறது. இங்கும் சூதுக்கு இடமில்லை. ஆனால் பொருள் நேர் எதிர். உத்திரமேரூரில் குழந்தையின் கை யாருடைய விருப்பமும் அல்ல. சந்நிதியில் அது அம்மனின் விருப்பம்.

‘பை’ எந்த வகை? அம்மனே கொடுத்தது என்று கொண்டால், கிடைத்தவர் தகுதி உடையவர் என்றாகிவிடும். யார் விருப்பமும் இல்லை என்று கொண்டால், அது நியாயமாக மட்டுமே இருக்கும். தகுதியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. யார் விருப்பமும் இல்லை என்பதே சரியான கொள்கை. குலுக்கல் ஒருவரை உயர்த்தும். உயர்ந்தவர் என்று சான்று தராது. உத்திரமேரூரார் இதை உணர்ந்திருந்தார்கள். நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி என்று தகுதிகளை முதலில் வகுத்துவிட்டுத்தான் ஓலையைக் குடத்தில் இட்டார்கள். அந்தத் தகுதிகள் ஊரில் பெரும்பாலோருக்குக் கதவை அடைத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. குலுக்கலின் நியாயம் குடத்துக்குள் இருக்கும் ஓலைகளுக்கு மட்டும்தான்.

வினை பற்றிய வாதம் இன்னும் ஆழமானது. ஆசீவகர்கள் என்ற பழஞ்சமயத்தார் நியதி ஒன்றையே நம்பினார்கள். எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்து ஓடுவதுபோல, நடக்க வேண்டியது நடந்து முடியும். முயற்சியால் ஒரு முழம்கூடக் கூடாது, குறையாது என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் பாங்காக்கின் 2-1 ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. இக்கொள்கை தோற்றவருக்கு ஆறுதல் தரும். ஆனால் மறுநாள் காலை பயிற்சிக்குப் போக ஒரு காரணமும் தராது.

திருக்குறள் ஊழ், முயற்சி இரண்டையும் தாங்கி நிற்கிறது. அறத்துப்பாலின் முடிவில் 38ஆம் அதிகாரம் ஊழ். அதைவிட வலியது இல்லை என்கிறது. பொருட்பாலில் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை; தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்கிறது. முரண்பாடு என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் அந்த இரண்டாவது அதிகாரத்தில் வள்ளுவர் முயற்சிக்குக் கிடைப்பதைக் கூலி என்ற சொல்லால் குறிப்பதைக் கவனிக்க வேண்டும். விரும்பிய பொருள் கைகூடாமல் போனாலும், மெய் வருந்தியதற்கு உரிய கூலி உண்டு என்பது கருத்து. பரிசு வேறு, கூலி வேறு.

இந்த வேறுபாடு லாபிஸ் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. விடியுமுன் எழுந்து பிரட்டு என்னும் ஆள்கணக்குக்குப் போய், நெற்றியில் விளக்கோடு நிரையில் மரம் மரமாகச் சீவி வருவார்கள். பால் சொட்டுச் சொட்டாக மங்கு என்னும் கிண்ணத்தில் இறங்கும். எடுப்பதற்குள் மழை வந்துவிட்டால், பட்டை வழியே ஓடிவரும் நீர் மங்கை நிரப்பிப் பாலைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். மரத்தடியில் வெண்மையாய் ஒரு வழிசல் மட்டும் மிஞ்சும். சீவியவர் கையில் குறை இல்லை; கத்தியில் குறை இல்லை. பக்கத்து மலையில் பெய்யாத மழை இங்கே பெய்தது, அவ்வளவுதான். அந்த மழையைத் தன் குற்றம் என்று எந்தத் தொழிலாளியும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அது அநியாயம். பெய்யாத மலையில் சீவியவர் தன்னைவிடச் சிறந்தவர் என்றும் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஊழையும் தகுதியையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு ஏட்டில் படித்து வந்ததல்ல.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: குவிந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வரும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறும் ஆகாமியம். வினை சடம், தானாக வந்து பொருந்தாது, இறைவனே கூட்டுவிக்கிறான் என்பதும் அதன் கோட்பாடு. ‘பை’யை இந்தக் கண்ணோடு பார்த்தால், அது வந்து சேர்ந்தது பிராரத்தம், கிடைத்த பிறகு எப்படி ஆடினார்கள் என்பது ஆகாமியம். ஹாப்போயல் இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டது அவர்களே செய்த செயல். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வினை உயிருக்கு உயிர் தனித்தனி. திடலிலோ பதினொருவருக்கு ஒரே முடிவு. தோல்வி யாருடைய வினை? சித்தாந்தத்தின் வழியில் விடை தேடினால், நிகழ்ச்சி ஒன்று, நுகர்ச்சி பல என்று கொள்ளலாம். ஒரே தோல்வி ஒருவரை ஒடித்திருக்கும். இன்னொருவரை அடுத்த ஆண்டுக்குத் தயாராக்கியிருக்கும். 2-1 என்ற எண் எல்லோருக்கும் பொது, அதன் கசப்பு பொதுவல்ல.

ஆடாமல் கடப்பதற்கு இன்னொரு வடிவத்தையும் அதே போட்டி காட்டியது. 1970இல் லெபனானின் ஹோமெனெட்மென் அரையிறுதியில் ஹாப்போயலோடு ஆட மறுத்தது. 1971இல் ஈராக்கின் அலியாத் அல்-ஷூர்த்தா இறுதிவரை வந்து, இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவோடு ஆட மறுத்தது; கிண்ணம் மக்காபிக்குப் போனது. இங்கே ஆடாமை குலுக்கலால் வந்ததல்ல, தெரிந்து எடுத்த முடிவு. செயலின்மைக்குள்ளும் செயலைக் காண வேண்டும் என்று கீதை சொல்வதற்கு இது பொருந்தும். மறுத்தவர்கள் அதன் விலையையும் கொடுத்தார்கள். அவர்களின் அரசியலை ஏற்பவரும் ஏற்காதவரும் உண்டு. ஆனால் விலை கொடுத்துச் செய்த மறுப்பை, விலையின்றிக் கிடைத்த ‘பை’யோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது. 1971க்குப் பின் போட்டி நின்றுபோய், எண்பதுகளின் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது.

ஜொகூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி சொந்த வீட்டுக்கே வந்தது 2015இல். ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தின் அரையிறுதியில் ஜொகூர் டாருல் தக்சிம் குவைத்தின் அல்-காட்சியாவைச் சந்தித்தது. முதல் ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால், அக்டோபரில், உலகக் காற்பந்துச் சம்மேளனம் குவைத்தை இடைநீக்கம் செய்தது. ஜொகூர் இரண்டாவது ஆட்டம் ஆடாமலே இறுதிக்குப் போனது. 1967இல் சிலாங்கூருக்காக வருந்தியவர்கள் இப்போது அதே அளவுகோலைத் தங்கள் குழுவுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நுழைவு வந்து சேர்ந்தது, சம்பாதித்தது அல்ல. அக்டோபர் 31ஆம் தேதி தஜிகிஸ்தானின் டுஷான்பேயில், இஸ்திக்லால் குழுவின் சொந்தத் திடலில், அவர்கள் ரசிகர்கள் முன்னால், லியாண்ட்ரோ வெலாஸ்கெஸ் போட்ட ஒரே கோலில் ஜொகூர் 1-0 என்று வென்றது. தென்கிழக்காசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை முதன்முதலில் வென்ற குழு அதுதான். அந்த ஆட்டத்தின் கூலி முழுவதும் அவர்களுடையது.