நினைவின் வெம்மை

குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாகி வீரகேரளம்புதூரைத் தழுவிச் செல்லும் கரையில், மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலேயே மென்பொருள் எழுதப்படும் இந்நாளில், கைப்பேசியின் சூட்டை உணர்ந்தபடி அமர்ந்திருந்தபோது, ஸ்மரணை என்பது யாது என்னும் பழைய வினா என்னுள் எழுந்தது. கணினியின் டிராம் (DRAM) என்னும் நினைவகச் சில்லில் நினைவு என்பது மின்னேற்றம் உண்டு, இல்லை என்ற குறிப்பே. அவ்வேற்றம் ஓயாது கசிவதால் 64 மில்லி விநாடிக்குள் அதை மீண்டும் புதுப்பித்தாக வேண்டும். வெப்பம் 85 பாகை செல்சியஸைத் தாண்டினாலோ அந்த அவகாசமும் பாதியாகிவிடும். இடையறாத ஜபத்தால் நாமத்தை நெஞ்சில் நிறுத்தும் பக்தனின் சாதனையும் இவ்வகையினதே அன்றோ?

மறதியும் இலவசமன்று, ஒரு பிட்டை அழிப்பதற்கும் ஓரளவு வெப்பத்தை வெளிவிட்டே ஆகவேண்டும் என்று 1961-இல் இயற்பியலாளர் ரோல்ஃப் லாண்டவர் நிறுவினார். செயலியோ, சூடு மிகுங்கால் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஒருங்கே தாழ்த்திக்கொள்கிறது. மின்செலவு அழுத்தத்தின் வர்க்கத்தைத் தொடர்வதால், சிறிது அடங்கினும் பெரிதும் குளிர்கிறது. எனினும் அந்த அடக்கம் விதித்த விதியேயன்றி விரும்பிய விரதமன்று. நினைப்பவன் யார் என்று வினவும் சாட்சி அங்கில்லை. அவ்வினாவை எழுப்ப வல்ல நாமோ, அடங்க மறந்து வேகின்றோம்.