முதுமைக்கு உரிய ஊர்

வட்டுக்கோட்டையில் மாலை வேளைகளில் விறாந்தையிற் கூடியிருந்து பேசும் முதியோரிடையே, முன்னொரு காலத்தில் மழையும் புகையிலை விலையும் கோயிற் கொடியேற்றமும் பேச்சுப்பொருளாக இருந்த இடத்தை, இப்பொழுது ஒரே கேள்வி பிடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலுமாகச் சிதறியிருக்க, வளவும் கிணறும் பூட்டிய அறைகளுமாகத் தனித்துப்போன ஒருவர், எழுபது வயதுக்கு மேல் எந்த ஊருக்குப் போய் எஞ்சிய நாளைக் கழிப்பது என்பதே அந்தக் கேள்வி. விசாவையும் வைத்திய வசதியையும் மகனுடைய வீட்டில் எத்தனை அறைகள் உண்டு என்பதையும் விசாரித்து அதற்கு விடை கண்டுவிடலாம் என்று எண்ணுவோர் பலர். எனக்கோ அது முற்றிலும் ஒரு சமயக் கேள்வியாகவே படுகிறது. ஏனெனில், கடைசி வாசஸ்தலத்தைத் தேர்ந்துகொள்ளும் மனிதன், இத்தனை காலமும் தான் எதன்பொருட்டு வாழ்ந்தான் என்பதற்கும் அந்தத் தேர்விலேயே சாட்சி சொல்லிவிடுகிறான். இக்கேள்வி என் வீட்டுப் படலையையும் அண்மையில் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டமையால், நெடுநாள் சிந்தித்ததை இங்கே எழுதத் துணிகிறேன்.

ஊரை விட்டுப் போவது எங்களுக்குப் புதிதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி யுத்தத்தினால் வலிகாமம் முழுவதும் ஓர் இரவிலே பெயர்ந்து, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, கதிரையில் இருத்திக் காவப்பட்ட கிழவர்களையும் சைக்கிளின் பின்புறத்தில் வைத்து உருட்டப்பட்ட கிழவிகளையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் அது ஓட்டம். அதிலே தேர்வு என்பது இருக்கவில்லை. நான் சொல்லவந்தது, அவசரம் ஏதுமின்றி, நிதானமாக யோசித்து, இந்த ஊர் வேண்டும், அந்த ஊர் வேண்டாம் என்று தீர்மானிக்கும் சுதந்திரம் ஒருவருக்கு வாய்த்தபின் எழும் கேள்வி.

எங்கள் முன்னோருக்கு இதற்குச் சம்பிரதாயமான விடை ஒன்று இருந்தது. க்ஷேத்திரவாசம் என்பதே அந்த விடை. கைப்பொருள் உள்ளவர்கள் தோணியேறிச் சிதம்பரம் போய், யாழ்ப்பாணத்தார் அங்கே அமைத்த மடங்களிலே தங்கி, நாளும் கூத்தப்பிரானைத் தரிசித்து, அந்த மண்ணிலேயே தேகத்தை விட விரும்பினார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்த ஞானப்பிரகாச முனிவர், பறங்கியர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கேட்டபோது, தம்முடைய முறை வருமுன் ஊரை விட்டே போய்விட்டார் என்பது இங்கே வழிவழியாக வழங்கும் வரலாறு. வடதேசத்தில் வடமொழி கற்றுச் சிவஞானபோதத்துக்கு அம்மொழியிலே விருத்தி எழுதிய அவர், இறுதியில் தில்லையிலே தங்கி அங்கே ஒரு குளமும் வெட்டுவித்தார். ஞானப்பிரகாசம் என்னும் பெயரோடு அக்குளம் இன்றும் இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டு அதே சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தில்லை எங்களவருக்கு அந்நிய தேசம் அன்று, கடலுக்கு அப்பால் இருந்த இன்னொரு குறிச்சி என்று சொன்னால் மிகையாகாது.

இவ்விருவரிடத்தும் ஒரு விசேஷத்தைக் கவனிக்கவேண்டும். இருவரும் புண்ணியம் பெறுவதற்காக மட்டும் அங்கே போய் அமர்ந்துவிடவில்லை. ஒருவர் குளம் தோண்டுவித்தார். மற்றவர் பள்ளிக்கூடம் வைத்தார். போன இடத்திலே பிறருக்குத் தண்ணீராகவும் எழுத்தாகவும் பயன்பட்டமையால் அந்த ஊர் அவர்களுடைய ஊராயிற்று.

பிறந்தால் முத்தி தரும் தலம் ஆரூர் என்றும், தரிசித்தால் தருவது தில்லை என்றும், இறந்தால் தருவது காசி என்றும், நினைத்தால் தருவது அண்ணாமலை என்றும் நம்மவர் சொல்வதுண்டு. இந்த நான்கையும் ஒரு முதியவரின் நிலையில் நின்று நோக்கினால், முதலாவது என்றோ கை கடந்துவிட்டது; காசியில் இறப்பது யமனுடைய நாட்குறிப்பைப் பொறுத்தது; தில்லையைத் தரிசிக்க முழங்காலின் சம்மதம் வேண்டும். எஞ்சியது நினைத்தல் ஒன்றே. ஆகவே, தள்ளாத வயதில் ஒருவர் தேடவேண்டிய ஊர், இடையறாமல் நினைப்பதற்கு இடந்தரும் ஊர் என்று முடிவு செய்யலாம் போலத் தோன்றுகிறது. நினைப்பை எந்த ஊர் வளர்க்கும், எந்த ஊர் வாடவிடும் என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது.

இதை எண்ணும்போதெல்லாம் அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரையே எனக்கு முன்னே வந்து நிற்கும். முதுமை எய்திய அந்தப் பெரியார், கயிலையைக் கண்டே தீர்வேன் என்று வடதிசை நோக்கி நடந்து, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, கையும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்து, அதுவும் இயலாமற் புரண்டு, புரளவும் மாட்டாமற் கிடந்தபொழுது, இறைவன் முனிவர் வடிவில் வந்து தடுத்து, ஒரு வாவியில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே எழுப்பிக் கயிலைக்காட்சியை அங்கேயே காட்டினான் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. கயிலையை அவருக்கு மறுத்த இறைவன், அவருக்குப் பழக்கமான சோழநாட்டில், அவர் பாடினால் கூடப் பாடும் அடியார்கள் வாழும் மண்ணில், அதே கயிலையைக் கொண்டுவந்து வைத்தான். இறுதியில் அவர் எங்கே தங்கினார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. திருப்புகலூரிலே தங்கி, உழவாரத்தைக் கையிலெடுத்து, கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். காட்சி கிடைத்த இடம் ஐயாறு. குடியிருந்த இடமோ, கைக்கு வேலை இருந்த புகலூர்.

இறைவன் எங்கும் நிறைந்தவன் ஆதலால் எந்த ஊரில் இருந்தால் என்ன என்று சிலர் சொல்லுவார்கள். பிள்ளைகள் பெற்றோரைச் சமாதானப்படுத்த இவ்வாக்கியத்தைக் கையாளுவதும் உண்டு. அது பக்குவம் முதிர்ந்த ஞானிக்குப் பொருந்தும் வார்த்தை. என்போன்ற சாமானியருக்கு அது ஒரு தப்பும் வழி என்றே அஞ்சுகிறேன். இறைவன் மற்றையோரிடத்துப் பாலில் நெய்போல மறைந்தும் அடியாரிடத்துத் தயிரில் நெய்போல விளங்கியும் நிற்பான் என்று நமது சித்தாந்த ஆசிரியர்கள் உவமை காட்டினார்கள். பாலிலே நெய் இல்லை என்று யாரும் சொல்லார். ஆனால் பாலைத் திரியில் ஊற்றி ஒருவரும் விளக்கேற்றியதில்லை. ஊர் தேடும் முதியவருக்குத் தயிர் எங்கே உறைகிறது என்று பார்ப்பது அவசியம்.

மெய்கண்டதேவர் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், முத்தியை நாடும் ஆன்மா, மலத்தைக் கழுவி, அடியாரோடு கூடி, அவருடைய திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கொண்டு தொழவேண்டும் என்று விதிக்கிறது. அதை நான் பல வருஷங்களாகத் தத்துவ விதியாகவே படித்துவந்தேன். குடியிருப்பைத் தெரிவதற்கும் அதுவே பிரமாணம் என்பது இந்த வயதிலேதான் புலப்பட்டது. ஆலயம், அடியார் ஆகிய இரண்டும் கூடிய ஊர் கிடைத்தால் யோசிக்க வேண்டியதே இல்லை. அன்னிய தேசத்து நகரங்களில் இரண்டும் ஒருங்கே கிடைப்பது அருமை. ஒன்றைத் தெரிந்து ஒன்றை விடவேண்டி வரும்போது, அடியார் கூட்டத்தையே தெரியவேண்டும் என்பது என் துணிபு. கோபுரம் பத்து மைலுக்கு அப்பால் இருந்தால் அதைக் காண மகனுடைய காரும் மகனுடைய ஓய்வுநாளும் வேண்டும். கதவைத் தட்டி உள்ளே வரும் ஓர் அடியாருக்கு நம்முடைய ஒரு சொல் மாத்திரம் போதும்.

இந்த இடத்தில், எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்ட இருவரைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை வகித்தவர் டானியல் பூவர். 1789இல் அமெரிக்காவிலே பிறந்த அவர், 1816இல் யாழ்ப்பாணம் வந்து, முப்பது வருஷங்களுக்கு மேல் இங்கும் மதுரையிலும் உழைத்தபின் 1848இல் தாய்நாடு சென்றார். அங்கேயே இருந்து இளைப்பாறியிருந்தால் குறை சொல்வார் யார்? அறுபதை எட்டிய வயதில் அவர் மறுபடியும் கப்பலேறி இங்கே வந்தார். 1855இல் வாந்திபேதி கண்டு மானிப்பாயிலே உயிர்விட்டார். அவருடைய சமயம் வேறு, என்னுடையது வேறு. அந்த மிஷனார் எங்கள் சமயத்தைப்பற்றிச் சொன்னவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், தம்மால் யாருக்குப் பயன் உண்டோ அவர்கள் நடுவிலே முதுமையைக் கழிக்கவேண்டும் என்று வாழ்ந்து காட்டிய அந்தத் தேர்வை நான் வணங்குகிறேன்.

மற்றவர் அந்தச் செமினரியின் மாணாக்கர், சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரி என்ற கீர்த்தியோடும் அரசாங்க உத்தியோகத்தோடும் சென்னையிலே நெடுங்காலம் இருந்த அவர், 1882இல் ஓய்வு பெற்றபோது, சிறுப்பிட்டிக்குத் திரும்பியிருக்கலாம். பழகிய சென்னையிலேயே அமர்ந்துமிருக்கலாம். அவரோ ஐம்பது வயதில் கும்பகோணத்திலே குடியேறி வக்கீல் தொழிலை மேற்கொண்டார். காவிரி ஓடும் ஊர், கோயில்கள் நெருங்கிய ஊர், அண்மையிலே திருவாவடுதுறை ஆதீனம், உள்ளூர்க் கல்லூரியிலே உ. வே. சாமிநாதையர். ஏடு தேடும் ஒருவருக்கு இதனினும் உத்தமமான சகவாசம் எங்கே கிடைக்கும்? 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887இல் கலித்தொகையும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. செல் அரித்து, தொட்டால் ஒடியும் ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்த அந்தக் கைகளுக்கு அங்கே வேலை இருந்தது; அப்பருக்குப் புகலூர் போல அவருக்கு அது அமைந்தது. பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்து, சென்னைக்கு மீண்டு, 1901ஆம் ஆண்டின் முதல் நாளில் அங்கே காலமானார்.

இனி, என் சின்னம்மாவின் கதை. சங்கரத்தையிலே பிறந்து, வட்டுக்கோட்டைக்கு வெளியே ஓர் இரவு தங்குவதற்கும் மனமில்லாதிருந்த அவர், சின்னையா காலமானபின் எழுபத்திரண்டு வயதில் கனடா போனார். இளைய மகளுடைய வீடு ரொறன்ரோவுக்கு வெளியே, புதிதாக எழுந்த ஒரு குடியேற்றத்தில் இருந்தது. மாடி வீடு, சலவைக்கல் பதித்த சுவாமி அறை, ஜன்னலுக்கு வெளியே பனி. மகளும் மருமகனும் விடியமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் வருவார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. காலையிலே தேவாரம் பாடி முடித்தால், பிறகு மாலைவரை தம்முடைய குரலைத் தாமே கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்று அவர் என்னிடம் சொன்னது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

இரண்டு குளிர்காலம் கழிந்தபின், ஸ்காபரோவிலே முதியோருக்கென உள்ள ஓர் அடுக்குமாடியில் இரண்டு அறை கிடைத்தது. மகள் அழுதாள். ஊரார் என்ன சொல்லுவார்கள் என்று மருமகன் கலங்கினார். சின்னம்மா அசையவில்லை. நானும் தொலைபேசியில், "கோயிலாவது கிட்டவோ சின்னம்மா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "கோயில் தூரந்தான் தம்பி. ஆனால் பக்கத்து அறையிலை காரைநகர் மனிசி ஒண்டு இருக்கு. கண் தெரியாது. கந்தபுராணம் கேக்க ஆசையாம், வாசிக்க ஆளில்லையாம்," என்றார்.

எங்கள் பக்கத்துக் கோயில்களிலே புராணபடனம் நடப்பதைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். பெண்கள் பக்கத்திலே சுவரோரம் இருந்து கேட்பார்கள். சின்னம்மா நாற்பது வருஷம் அப்படிச் சுவரோரம் இருந்து கேட்டவர். ஒரு நாளாவது வாசித்தவர் அல்லர், பயன் சொன்னவரும் அல்லர். பட்டுத்துண்டிலே சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன பழைய கந்தபுராணத்தை அங்கே அவிழ்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாமே வாசித்துத் தாமே பயனும் சொல்லத் தொடங்கினார். முதலில் அந்தக் காரைநகர் அம்மா ஒருவர். பின் அதே மாடியிலிருந்து மூவர். இப்பொழுது வெள்ளிக்கிழமைகளில் கதிரை போதாமல் கட்டிலிலும் இருக்கிறார்களாம். சூத்திரத்தைப் படித்த எனக்கு வராத தெளிவு, அதைப் படியாத அவருக்கு வாய்த்தது.

மகளுடைய அன்பிலே குறை இருந்தது என்று ஒருவரும் எண்ணிவிடக்கூடாது. அன்பு குறையாத வீட்டிலும் ஒருவருக்குத் தம்மால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லாமற் போகலாம். முதுமையில் தேகத்தை வருத்தும் நோய்களுக்கு வைத்தியர் உண்டு. எவருக்கும் வேண்டாதவராய் இருக்கும் நோய்க்கு ஆஸ்பத்திரியிலே மருந்து கிடையாது. இதே காரணத்தால், ஊரை விட்டு அசையேன் என்று இங்கேயே தனித்திருப்பதையும் நான் முழுமனதோடு போற்றமாட்டேன். சுற்றிவர எட்டு வீடுகளும் பூட்டிக் கிடக்க, பூட்டுகளுக்குக் காவலாக ஒருவர் மட்டும் எஞ்சியிருந்தால், அந்த இடத்துக்கு வட்டுக்கோட்டை என்ற பெயர் இருக்கலாம். அது அவருக்கு ஊராகாது. எனக்கு இங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள் மாலையில் திருவாசகம் படிக்க வருகிறார்கள். அவர்கள் வந்துகொண்டிருக்கும்வரை நான் இலண்டனுக்குப் போவதாக இல்லை என்று மகனுக்கு எழுதிவிட்டேன். அவர்கள் வராத நாள் வந்தால், என் பெட்டியைக் கட்டுவதற்கு ஒரு பொழுது போதும்.

பெற்றோரை அழைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சுவாமி அறைக்குச் சலவைக்கல் தெரிவதற்கு முன்னர், தாயையோ தகப்பனையோ நீங்கள் எண்ணியிருக்கும் அந்தத் தெருவுக்கு அழைத்துப்போய், காரை நிறுத்திவிட்டு, அவர்கள் காலாலேயே ஒரு தரம் நடக்க விடுங்கள். கால்மணி நேரத்துக்குள் அவர்களுடைய மொழியில் அவர்களை யாராவது ஒருவர் மறித்துப் பேசுகிறாரா என்று தயவுசெய்து பாருங்கள்.